வீட்டுக்கு ஒரு கை

கை தூக்கி முடிவெடுக்கும் எந்தக் கூட்டத்திலும் நான் முதலில் கை தூக்குவதில்லை. யார் தூக்குகிறார், யார் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுத் தூக்குகிறார், எண்ணுகிறவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் என் கை மேலே போகும். "ஏம்மா எல்லாரையும் திருடனப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்று என் மகள் கேட்பாள். பாழாய்ப்போன பழக்கம்தான். அது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பொதுத் தேர்தல் வந்தது. அப்போது நாங்கள் மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தோம். சரிவில் இரண்டு வரிசை வீடுகள், நடுவில் மாரியம்மன் கோயில், கீழே தமிழ்ப் பள்ளிக்கூடம். நான் கொழுந்து எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் கோயில் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். கமிட்டித் தலைவர் எங்கள் டிவிஷன் கங்காணி. ஆளுங்கட்சியின் தோட்டக் கிளைக்கும் அவரே தலைவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்கள் பேரைக் கூப்பிடுகிறவரும் அவர்தான், வெள்ளிக்கிழமை பூசையில் முதல் விபூதி வாங்குகிறவரும் அவர்தான், ஓட்டு யாருக்கு என்று சொல்கிறவரும் அவர்தான். அதில் யாருக்கும் எதுவும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

கெட்ட மனுஷன் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பழியை அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

லைனில் தண்ணீர் கஷ்டம். கடைசி வீட்டுப் பக்கம் இரண்டே குழாய். இரண்டு வாரம் மழை இல்லாவிட்டால் குழாய் காற்றுதான் விடும். பெண்கள் நாங்கள் வேலை முடிந்து வந்து, கூடை இறக்கிய முதுகோடு, ஓடைக்கு இறங்கித் தண்ணீர் தூக்குவோம். அந்தக் குளிரில் கை விறைத்துப்போகும். தண்ணீர்த் தொட்டி கேட்டுக் கேட்டும் தோட்ட நிர்வாகமும் அசையவில்லை, வெளியே இருந்து வந்த பெரிய மனிதர்களும் அசையவில்லை.

தேர்தலுக்கு முன்பு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு, தலைவர் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"இங்க பாருங்க. நம்ம ஓட்டு அங்கொண்ணு இங்கொண்ணு செதறிச்சுன்னா எவனும் நம்மள மனுசனா மதிக்க மாட்டான். மொத்தமா ஒரே பக்கம் விழணும். அப்பத்தான் நாளைக்கு நான் போயி, 'ஐயா, எங்க லைனு மொத்தமும் உங்களுக்குத்தான் போட்டுச்சு, டேங்கி எங்க'ன்னு நெஞ்ச நிமித்திக் கேக்க முடியும். நம்மகிட்ட வேற என்னா இருக்கு? சொல்லுங்க."

சரியான பேச்சு. இப்போதும் அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஏழைகளுக்கு எண்ணிக்கைதான் பலம். ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லோருக்கும் முன்பாக நான் தூக்கினேன். ஓடையிலிருந்து தண்ணீர் தூக்குகிறவள் நான்தானே. எனக்கு அந்தத் தொட்டி வேண்டும்.

தலைவர் எண்ண ஆரம்பித்தார். பெண்கள் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பொம்பளைங்க எறக்குங்கம்மா. கணக்கு கொழம்புது. வீட்டுக்கு ஒரு கை போதும்லா."

என் வீட்டுக்காரரின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. அவர் என்னைப் பார்த்து, இறக்கு என்று கண்ணைக் காட்டினார். இறக்கினேன். எல்லாப் பெண்களும் இறக்கினார்கள். யாரும் முகம் சுளித்ததாகக்கூட நினைவில்லை. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று சொல்லத் தூக்கிய கை இல்லை அது. சரி என்று சொல்லத் தூக்கிய கை. அதைக்கூட வேண்டாம் என்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே கைதானே. என்னாத்துக்கு இப்ப கோவிச்சிக்கிற?" என்றார்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பனி இறங்கி மைதானம் தெரியவில்லை. வாசலில் கட்சிக் கொட்டகையில் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். உள்ளே ஓர் அதிகாரி அந்த நம்பரையும் என் பேரையும் உரக்க வாசித்தார். இன்னொருவர் ஒரு புத்தகத்திலிருந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கிழிப்பதற்கு முன்னால் அடிக்கட்டையில் எதையோ எழுதினார். அதைப் பார்த்ததும் எனக்கு முன்னால் நின்ற ஒரு வயசான அம்மா திரும்பி, "பாத்தியா, நம்பரு எழுதறான். அப்புறம் தேடிப் பாப்பானுங்க," என்று முணுமுணுத்தது. லைனில் எல்லோரும் அதை நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன்.

மூலையில் பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு பெஞ்சு, நூலில் கட்டிய பென்சில். அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: நான் தனியாக நிற்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தனியாக நின்றதாக ஞாபகமில்லை. வீட்டில் மாமியார், மலையில் கங்காணி, குழாயடியில் பத்துப் பேர். இந்தத் தடுப்புக்குப் பின்னால் மட்டும் ஒருத்தரும் இல்லை. சீட்டில் மேலே ஒரு சின்னம், கீழே ஒரு சின்னம். மேலே இருந்ததற்குப் போட வேண்டும் என்பது முடிவு. கீழே இருந்த கட்சியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர்கள் ஆள் எங்கள் லைன் பக்கம் வந்ததுகூட இல்லை.

கீழே போட்டேன்.

கொள்கையா, புரட்சியா என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும். கோபம். வெறும் கோபம். என் கையைக் கணக்கில் சேர்த்திருந்தால் மேலேதான் போட்டிருப்பேன். ஒரு ஓட்டுத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று முழுக்க உள்ளுக்குள் ஒரு குஷி. வாய்க்குள் கல்கண்டு ஒதுக்கி வைத்திருப்பதுபோல இருந்தது.

அந்தக் காலத்தில் பெட்டிகளைப் பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்குக் கொண்டுபோய்த்தான் எண்ணினார்கள். எங்கள் தோட்டத்து லாரி டிரைவர் கட்சி ஏஜெண்டாக அங்கே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வந்து சொன்னார்: பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் தனியாகக் கொட்டி எண்ணியதைத் தன் கண்ணால் பார்த்தாராம். எல்லாம் நம் பக்கம். இரண்டு செல்லாத ஓட்டு. ஒன்றே ஒன்று அந்தப் பக்கம்.

அப்படித் தனியாக எண்ணுவார்களா, ஏஜெண்டுக்கு அவ்வளவு விவரம் தெரியுமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அடித்து விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த ஒன்று உண்மை என்று எனக்குத்தான் தெரியுமே.

லைனின் முகம் ஒரே நாளில் மாறிவிட்டது. குழாயடியில் பேச்சு நின்றது. போன மாதம் தலைவரிடம் சண்டை போட்டவன் யார், வீட்டுக்கு ஓடு மாற்றவில்லை என்று முறைத்துக்கொண்டவன் யார், மாப்பிள்ளை ஈப்போவில் எதிர்க்கட்சிக்காரனாக இருக்கிறவன் யார் என்று ஆளாளுக்கு மனசுக்குள் பட்டியல். தலைவர் பாவம், கட்சிக்காரர்களிடம் மொத்த லைனும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். "செல்லாத ஓட்டு கெழவன் கெழவி கோடு போடத் தெரியாம போட்டது. அது போவட்டும். அந்த ஒண்ணு தெரிஞ்சு போட்டது," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கூட்டம். யாரோ ஒருவர், இன்னும் எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று சரியாகத் தெரியவில்லை, "சூடத்தக் கொளுத்துங்க, எல்லாரும் அடிச்சு சத்தியம் பண்ணட்டும், தெரிஞ்சிடும்," என்றார். எங்களிடம் அது பெரிய சத்தியம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய்யாக அடித்தால் குடும்பம் விளங்காது. கோழி காணாமல் போனாலும் அதுதான், தாலி காணாமல் போனாலும் அதுதான். ஓட்டுக்கு அடித்தது அன்றைக்குத்தான் முதல்.

தலைவர் ஒன்றும் தானாகத் திணிக்கவில்லை. முறைப்படி கேட்டார். "சத்தியம் வேணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க." வீட்டுக்கு ஒரு கை. எல்லாக் கைகளும் மேலே போயின. தூக்காதவன்தான் போட்டவன் என்று ஆகிவிடுமே, யார் தூக்காமல் இருப்பார்கள்? யாருக்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டாம் என்பதற்காக அரசாங்கம் பலகை அடித்துத் தடுப்பு வைத்தது. நாங்கள் ஓட்டெடுப்பு நடத்தி அந்தத் தடுப்பைத் தூக்கி எறிந்தோம். என் வீட்டுக்காரர் தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

சூடத் தட்டை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. பூசாரியும் ஓட்டுப் போட்டவர்தான், அவரும் அடிக்க வேண்டும். தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ புடிம்மா. செயலாளர் சம்சாரம்தானே. ஒனக்கு என்னா சத்தியம் வேண்டிக் கிடக்கு."

அவ்வளவுதான். அந்த லைனில் சத்தியம் தேவையில்லாத ஒரே ஆளாக என்னை ஆக்கிவிட்டார்கள். நான் பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்து, "நான் அந்தப் பக்கம் போடல," என்று சொல்லிச் சூடத்தை அடித்தார்கள். என் வீட்டுக்காரர் அடித்தார். பூசாரி அடித்தார். அணைய அணையத் தலைவர் புதுக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். தட்டு சூடேறி விரல் வெந்தது. விடவில்லை.

அப்போது அவள் வந்தாள். மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் மலைக்குப் புதிதாக வந்தபோது இலையைக் கிள்ளாமல் இழுத்து நகமெல்லாம் கிழிந்து நின்றேன். தன் கூடையிலிருந்து அள்ளி என் கூடையில் போட்டு நிறுவைக்கு அனுப்பியவள் அவள். தட்டுக்கு முன்னால் நின்று தீயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் அடிக்க மாட்டேன்ணே."

"ஏன்?"

"ஓட்டுப் போடற எடத்துல தடுப்பு வச்சிருந்தாங்கல்ல. எதுக்கு வச்சாங்க?"

தலைவர் பொறுமையாகத்தான் பேசினார். எல்லோரும் அடித்தார்கள், கூட்டத்தின் முடிவு, உனக்கு மட்டும் என்ன. அவள் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னாள். அவள் புருஷன் ஆண்கள் பக்கத்திலிருந்து, "அடிச்சிட்டு வாயேன் புள்ள," என்று கெஞ்சினான். அவள் திரும்பி நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பின்னால் இருந்தவர்களை யாரும் அடிக்கச் சொல்லவில்லை. தேடிய ஆள் கிடைத்துவிட்டதே.

மறுநாள் நிரையில் அவளிடம் கேட்டேன். கேட்டேனா, திட்டினேன். "அடிச்சுத் தொலைச்சிருக்கலாம்லக்கா? ஒரு நிமிசம்தானே?"

"நான் நம்ம ஆளுக்குத்தான் தங்கச்சி போட்டேன். எனக்கும் டேங்கி வேணாமா?"

"அப்ப அடிக்க வேண்டியதுதானே?"

"இன்னிக்கு இதுக்கு அடிச்சா, நாளைக்கு எதுக்கெல்லாம் அடிக்கச் சொல்லுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே அவள் பாட்டுக்கு இலையை எடுத்தாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவள் என்னை மன்னிப்பாளா மாட்டாளா என்பதைவிட, அவள் இதை யாரிடம் சொல்லுவாள் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது. அவளை நான் சந்தேகப்பட்டேன். கூசாமல் சொல்கிறேன், அவளைத்தான்.

அவளுக்கு வந்த கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிய வேண்டும். அவள் புருஷனிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. சின்னப் பிள்ளையாக இந்தியாவிலிருந்து வந்தவன், குடியுரிமை இல்லை. சிவப்புக் கார்டுக்காரனுக்கு வேலை பெர்மிட் வேண்டும், அது தோட்டத்தின் பேரில்தான் இருக்கும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. குடிமக்களுக்கான நீலக் கார்டுக்கு அவன் மனுப் பாரம் நிரப்பி வைத்திருந்தான். நல்ல நடத்தைக்குச் சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். தலைவர் ஒன்று, தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒன்று என்று பேச்சு. தேர்தல் முடிந்ததும் போடுகிறேன் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

சூடத்துக்குப் பிறகு அவன் பாரத்தை எடுத்துக்கொண்டு போனபோது, "பாப்போம்," என்றார். கிராணியிடம் போனான். "தலைவர் மொதல்ல போடட்டும், கீழ நான் போடறேன்," என்றார். லைனில் வேறு யாரும் பேனாவை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடமும் வந்தான். அவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். "கமிட்டில கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

திருவிழா வந்தது. சாமி ஊர்வலம் வீடு வீடாக நின்று தேங்காய் அர்ச்சனை வாங்கும். அவள் வாசலில் கோலம் போட்டு, தட்டோடு நின்றாள். ஊர்வலம் நிற்காமல் தாண்டிப் போயிற்று. அதையும் கமிட்டியில் கை தூக்கித்தான் முடிவு செய்திருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் தட்டோடு நின்றுவிட்டு உள்ளே போனாள். அடுத்த வீடு எங்களுடையது. என் தேங்காயை உடைத்தார்கள், நான் விபூதி வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். மலையின் இன்னொரு கோடியில், கம்போங் ராஜா பக்கம் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் காய்கறித் தோட்டம், தகரக் கொட்டகை. தேயிலைத் தோட்டத்துப் பெர்மிட்டை வைத்துக்கொண்டு அங்கே வேலை செய்யக் கூடாது. அதிகாரிகள் ஜீப் வந்தால் அவன் முட்டைக்கோஸ் பாத்திக்குள் படுத்துக்கொள்வானாம். வந்து சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவள் தன் ஓட்டையும் கம்போங் ராஜாவுக்கு மாற்றிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. பொய் சொல்ல மாட்டேன். தலைவர் சொன்னபடி கேட்டு வாங்கினார். நான்கு குழாய், மழை இல்லாவிட்டாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நானும் துணி அலசினேன், சோறு வடித்தேன்.

சில வருஷங்கள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், அடுத்த தேர்தல் வந்தது. இந்தத் தடவை சாலைக்குத் தார் போட வேண்டும் என்று கேட்கப் போகிறார்கள். மறுபடியும் ஒரே பக்கம் என்று முடிவு. தேர்தலுக்கு முந்தைய வாரம் அவள் புருஷன் தலைவரைத் தேடி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பேருக்கு எங்கள் தோட்டத்துக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பெர்மிட்டை இனி நீட்ட மாட்டோம் என்று பெர்மிட் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். நீலக் கார்டு பாரத்தை இப்போதாவது அனுப்பாவிட்டால் வழியில்லை. கமிட்டிக் கூட்டம் அன்று எங்கள் வீட்டில் நடந்தது. அவன் வாசலில் நிற்க, தலைவர் உள்ளே யோசித்தார். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தேன்.

"நியாயமா ஒண்ணு சொல்றேன்," என்றார் தலைவர். "அன்னிக்கு அவதான்னு நாம முடிவு பண்ணிட்டோம். கண்ணால பாக்கல. இந்தத் தடவ அவ இங்க இல்ல. இப்பவும் ஒண்ணு அந்தப் பக்கம் விழுந்துச்சுன்னா, அப்ப அவ இல்லன்னு அர்த்தம். நானே கம்போங் ராஜாவுக்குப் போயி மன்னிப்புக் கேட்டு கையெழுத்துப் போடறேன். விழலேன்னா, நாம செஞ்சது சரி. என்னா சொல்றீங்க?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கை தூக்கினார்கள். வாசலில் நின்றவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். லைனில் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும், தன் பெண்டாட்டி இல்லை என்றும் தெரியும்.

தேத்தண்ணிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாயைத் திறக்க வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம், பென்சிலால் ஒரு கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு. அவ்வளவுதான். போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தேர்தலுக்கு முதல் நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "இந்தத் தடவ ஒண்ணு விழுந்துச்சுன்னு வையி, தலைவரு விட மாட்டாரு. வீடு வீடா சலிச்சு எடுத்துருவாரு. கமிட்டி வீட்டயும் விட மாட்டேன்னு சொல்லிட்டாரு." சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சும்மா பார்த்தாரா, தெரிந்து பார்த்தாரா? இருபத்தைந்து வருஷம் அவரோடு வாழ்ந்து அவரை எரித்தும் ஆயிற்று. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு இன்னும் தெரியாது.

பள்ளிக்கூடம், அதே மூலை, அதே மாதிரித் தடுப்பு. அதிகாரி என் நம்பரை உரக்க வாசித்தார். அடிக்கட்டையில் எழுதினார். கதவோரம் தலைவர் நின்றிருந்தார், கிழவிகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர். "சீக்கிரம்மா, லாரி நிக்குது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே போய் பென்சிலைக் கீழ்க் கட்டத்தின் மேல் வைத்தேன்.

வைத்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டிப் போவது கண்ணில் வந்தது. பிறகு ஓர் எண்ணம் வந்தது, எவ்வளவு சௌகரியமான எண்ணம் பாருங்கள்: தலைவர் சொன்னது லைன் முழுக்கத் தெரியும். அவளுக்கு இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவளிடம் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். எவளாவது ஒருத்தி போட்டுவிடுவாள். நான்தான் போட வேண்டும் என்று என்ன?

மேலே போட்டேன். பயந்தேன், வேறொன்றும் இல்லை. முதல் தடவை கோபத்தில் போட்ட ஓட்டுக்கு இருந்த துணிச்சல், ஒருத்தியைக் காப்பாற்றப் போட வேண்டிய ஓட்டுக்கு இல்லை.

லாரி டிரைவர் மறுநாள் வந்து சொன்னார். செல்லாத ஓட்டு மூன்று. மற்றது எல்லாம் நம் பக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பாத்தீங்களா," என்றார் தலைவர். அவர் குரலில் சந்தோஷம்கூட இல்லை. ஒரு நிம்மதி. இத்தனை வருஷமாக அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். "அவ போனதும் சுத்தமாயிடுச்சு." லைனே பெருமூச்சு விட்டது. அதுவரை அரைகுறையாக இருந்த சந்தேகம் அன்றைக்குத்தான் உறுதியாயிற்று. அதற்குச் சாட்சி சொன்னது என் ஓட்டு.

இரண்டு மாதம் இருக்கும். மகளுக்கு இருமல் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பஸ் நிலையத்துக்கு வந்தேன். காலை பத்து மணி, வெயில் வந்திருந்தது. மலையடிவாரத்துக்குப் போகும் தாப்பா பஸ் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். இரண்டு சாக்கு, ஒரு தகரப் பெட்டி, கயிறு கட்டிய அடுப்பு. கைகளில் மண் ஏறி வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மகளைத் தூக்கிக் கொஞ்சினாள்.

"கீழ எறங்குறோம் தங்கச்சி. அவருக்கு இங்க முடியாது. ரப்பர் தோட்டத்துல பேரு இல்லாம சேத்துக்குறாங்களாம், அங்க போயி ஒளிஞ்சுக்க வேண்டியதுதான். பாரம் அப்படியே கெடக்கு."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"ஒரு ஆளு கண்டிப்பா இருக்குன்னு நான் அவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்," என்றாள். "அன்னிக்குப் போட்ட ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல. தலைவரு இப்படிச் சொல்லிட்டாருன்னு தெரிஞ்சா, இன்னொரு தடவ போட்டுரும், நீ கவலப்படாதேன்னேன். போடல." சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "யாருன்னு இத்தன வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன். பூசாரியா இருக்குமோன்னு நெனச்சேன். லாரி டிரைவரே போட்டுட்டு நடிக்கிறானோன்னு நெனச்சேன். ஒன் வீட்டுக்காரர் மேலகூட சந்தேகம் வந்துச்சு, கோவிச்சுக்காத. எங்கூடப் பொறந்த அண்ணனையே சந்தேகப்பட்டேன். ஒன்ன மட்டும் நெனச்சதே இல்ல."

பஸ் டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். அவள் மகளை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் திரும்பி நின்றாள்.

"அடுத்த தேர்தல் வந்தா நீ அந்தப் பக்கம் ஒண்ணு போடுறியா தங்கச்சி? எனக்காக. ஒன்கிட்டதான் கேக்க முடியும்."

"போடறேங்க்கா," என்றேன்.

அதற்குள் அவள் புருஷன் உள்ளே இடம் பிடித்துவிட்டு, சீக்கிரம் வா என்று ஜன்னலைத் தட்டினான்.